அமீபா, பாரமீசியம், யூக்ளினா, கிளாமிடோமோனாஸ்: செல் அமைப்பை எப்படி ஒப்பிடுவது?

துளிநீர்:

வணக்கம். நன்னீரில் வாழும் ஒரு செல் உயிரிகள் நான்கை எடுத்து ஓர் ஒப்பீட்டு அட்டவணை தயாரித்துக்கொண்டிருக்கிறேன். அமீபா புரோட்டியஸ், பாரமீசியம் காடேட்டம், யூக்ளினா கிராசிலிஸ், கிளாமிடோமோனாஸ். இடது ஓரத்தில் உறுப்புகளின் பெயர்கள், பக்கத்துக் கட்டங்களில் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’.

முதல் சில வரிகள் மளமளவென்று முடிந்துவிட்டன. உட்கரு நான்கிலும் உண்டு. மைட்டோகாண்ட்ரியா நான்கிலும் உண்டு. பசுங்கணிகம் கடைசி இரண்டில் மட்டும். அதற்குப் பிறகுதான் சிக்கல். சுருங்கும் நுண்குமிழி நான்கிலும் இருக்கிறது, வரிசையாக நான்கு ‘உண்டு’ எழுதினால் அதில் ஒப்பிட என்ன இருக்கிறது? பாரமீசியத்துக்கு இரண்டு உட்கரு என்றால் எதை அமீபாவின் உட்கருவோடு சேர்ப்பது? கண்புள்ளி இரண்டில் இருக்கிறது, அது ஒரே உறுப்புதானா? யூக்ளினாவை எந்தப் பக்கம் தள்ளுவது என்ற பழைய கேள்வியும் இருக்கவே இருக்கிறது.

என்னிடம் 10, 40 ஆப்ஜெக்டிவ் உள்ள சாதாரண நுண்ணோக்கி இருக்கிறது. அதில் பார்க்க முடிவதையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.


வில்லைக்காரர்:

அட்டவணையைத் திருப்பிப் போடுங்கள் துளிநீர். இடது ஓரத்தில் உறுப்பின் பெயர் வேண்டாம், அந்தச் செல் சமாளிக்க வேண்டிய வேலையை எழுதுங்கள். உள்ளே வரும் நீரை என்ன செய்கிறது? எப்படி நகர்கிறது? சாப்பாட்டை எங்கே வாங்கி எங்கே செரிக்கிறது? வெளிச்சத்தை எப்படி அறிகிறது? நான்கு ‘உண்டு’ வந்த அதே வரியில் நான்கு வேறு பதில்கள் வரும்.

நீரையே எடுத்துக்கொள்வோம். குளத்து நீரைவிடச் செல்லுக்குள் கரைபொருள் அதிகம். அதனால் சவ்வூடு பரவலில் நீர் ஓயாமல் உள்ளே வந்துகொண்டே இருக்கும், வெளியேற்றாவிட்டால் செல் உப்பி வெடித்துவிடும். கடலில் வாழும் பல அமீபாக்களுக்கு இந்தக் குமிழியே கிடையாது என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால் காரணம் தெளிவாகும்.

அமீபாவில் இந்தக் குமிழிக்கு நிலையான இடம் இல்லை. சின்னச் சின்னக் குமிழிகள் ஒன்றுசேர்ந்து பெரிதாகும், செல் நகர்கிற போக்கில் பின்பக்கமாக ஒதுங்கும், ஓரத்துச் சவ்வோடு சேர்ந்து நீரைக் கொட்டிவிட்டு மறையும். ஒரு சுற்றுக்குச் சில நிமிடங்கள் ஆகலாம். பாரமீசியத்தில் இரண்டு குமிழிகள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டுக்கும் இடம் நிலையானது, நீர் வெளியேறும் துளையும் நிலையானது. ஒவ்வொன்றைச் சுற்றியும் ஆரக்கால்கள் போல நீர் சேர்க்கும் கால்வாய்கள் உண்டு. கால்வாய்கள் நிரம்பி நடுக் குமிழிக்குள் நீரைத் தள்ளும், குமிழி வெளியே கொட்டும். சில நொடிகளுக்கு ஒரு முறை இது நடக்கிறது. யூக்ளினா நேரடியாக வெளியே கொட்டாது, முன்முனையில் உள்ளே குழிந்திருக்கும் நீர்த்தேக்கப் பைக்குள் கொட்டும். கிளாமிடோமோனாஸில் இரண்டு சின்னக் குமிழிகள், நீந்த உதவும் கசையிழைகளின் அடியில் இருந்துகொண்டு மாறி மாறிச் சுருங்கும்.

பாருங்கள், ‘உண்டு’ என்று எழுதியிருந்தால் இத்தனையும் போயிருக்கும்.


பச்சையம்:

வேலையை வைத்து ஒப்பிடுவது எனக்கும் பிடித்த வழி. ஆனால் அதில் ஒரு குறுக்கு வழி எளிதாக நுழைந்துவிடும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ‘செல்சுவர் இருந்தால் அது அழுத்தத்தைத் தாங்கும், குமிழி தேவையில்லை. சுவர் இல்லாவிட்டால் குமிழி வேண்டும்.’ இப்படிப் பலர் எழுதுகிறார்கள். கிளாமிடோமோனாஸ் இதற்கு அடங்காது. அதற்குச் சுவரும் உண்டு, குமிழியும் உண்டு.

அந்தச் சுவர் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். செடிகளின் செல்சுவர் செல்லுலோஸால் ஆனது. கிளாமிடோமோனாஸின் சுவரில் செல்லுலோஸ் இல்லை, சர்க்கரை சேர்ந்த புரதங்களால் பின்னப்பட்ட உறை அது. செடியின் செல் போல உள்ளிருந்து அழுத்தும் நீரைச் சுவரை நம்பி அப்படியே விட்டுவைக்க அதனால் முடியாது. ஆகவே நீரை இறைத்தாக வேண்டும்.

அதே குளத்தில் இருக்கும் டயாட்டங்கள் என்ற ஒரு செல் பாசிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் மேல் ஒன்று மூடும் இரண்டு சிலிகா ஓடுகள், சுருங்கும் குமிழி கிடையாது. குளோஸ்டீரியம் என்ற பிறை வடிவப் பச்சைப்பாசிக்குச் செல்லுலோஸ் சுவர், அதற்கும் குமிழி கிடையாது. ஆக, கட்டத்தில் எழுத வேண்டியது ‘சுவர் உண்டா’ என்பதல்ல, ‘சுவர் எதனால் ஆனது, அழுத்தத்தைத் தாங்குமா’ என்பது. முடிந்தால் ஐந்தாவதாக ஒரு டயாட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்ற நான்கும் ஏன் அப்படி இருக்கின்றன என்பது அப்போதுதான் விளங்கும்.


துளிநீர்:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. டயாட்டத்தைச் சேர்த்துவிட்டேன். யூக்ளினாவின் உறையைப் பற்றி ஒரு சந்தேகம்: பெல்லிக்கிள் என்பதைச் சுவர்க் கட்டத்தில் எழுதலாமா?


பச்சையம்:

கூடாது. சுவர் செல் சவ்வுக்கு வெளியே இருப்பது. யூக்ளினாவின் பெல்லிக்கிள் சவ்வுக்கு அடியில் இருப்பது. நீளநீளமான புரதப் பட்டைகள் சுருள் போக்கில் பக்கம் பக்கமாக அடுக்கியிருக்கும். பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், அதனால்தான் யூக்ளினா நீளமாக நீந்திக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று உருண்டையாகிறது, நடுவில் உப்புகிறது, அந்த உப்பல் உடல் வழியே ஓடுகிறது. கவர் கண்ணாடிக்கு அடியில் நீர் வற்றத் தொடங்கும்போது கவனியுங்கள், நன்றாகத் தெரியும். கிளாமிடோமோனாஸ் எவ்வளவு நேரம் பார்த்தாலும் வடிவம் மாறாது. இந்த ஒரு வேறுபாட்டை 40 ஆப்ஜெக்டிவிலேயே நீங்கள் நேரில் பார்த்து எழுதிவிடலாம்.


மீன்தொட்டி:

குறுக்கே வருகிறேன். பாரமீசியத்தை 40-இல் பிடித்துவைக்கவே முடியவில்லை என்பதுதான் என் பிரச்சினை. பார்வை வட்டத்தில் வருவதற்குள் போய்விடுகிறது. குமிழியின் கால்வாய் எல்லாம் எப்படித் தெரியும்?


வில்லைக்காரர்:

பஞ்சு இழைகளைப் பிரித்து ஸ்லைடில் நாலைந்து போடுங்கள். அதன்மேல் துளியை விட்டுக் கவர் கண்ணாடி வையுங்கள். பாரமீசியம் இழைகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். மெத்தில் செல்லுலோஸ் கிடைத்தால் அதில் கொஞ்சம் விட்டால் நீர் கெட்டியாகி வேகம் குறையும். மூன்றாவது வழி காத்திருப்பது. ஓரத்தில் நீர் ஆவியாக ஆக கவர் கண்ணாடி தாழ்ந்து வந்து அதை லேசாக அழுத்தும். அந்தச் சில நிமிடங்கள்தான் பார்க்க மிக நல்ல நேரம்.

ஒளியைக் குறைத்துவிடுங்கள், ஸ்லைடுக்கு அடியில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சரின் டயஃபிரத்தைப் பாதிக்குமேல் மூடுங்கள். முழு வெளிச்சத்தில் எதுவும் தெரியாது. இப்போது முன்பாதியில் ஒரு தெளிந்த வட்டம் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தால் வட்டம் சட்டென்று இல்லாமல் போகும். அது போன இடத்தில் மெல்லிய கோடுகள் நட்சத்திரமாக விரிந்து தெரியும், அவைதான் கால்வாய்கள். கோடுகளின் அடி தடித்து, நடுவில் மறுபடியும் வட்டம் பிறக்கும். இப்போது பின்பாதிக்குப் பார்வையை மாற்றுங்கள். அங்கே உள்ள வட்டம் வேறு தாளத்தில் போகும். இரண்டும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டு நடப்பதில்லை.

ஸ்டாப்வாட்ச் வைத்து இரண்டு சுருக்கங்களுக்கு இடையிலான நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கவர் கண்ணாடியின் ஒரு ஓரத்தில் மிக நீர்த்த உப்புக் கரைசலை ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் வடிதாளை வைத்து இழுங்கள். இடைவெளி நீளும். வெளியே கரைபொருள் கூடினால் உள்ளே வரும் நீர் குறையும், இறைக்கும் வேலையும் குறையும். உப்பு அதிகமாகிவிட்டால் செல் சுருங்கிச் செத்துவிடும், அதனால் குறைவாகவே விடுங்கள்.


ஆய்வகம்:

உட்கரு பற்றிய கேள்விக்கு யாரும் இன்னும் வரவில்லை, நான் சொல்கிறேன்.

பாரமீசியத்தின் இரண்டு உட்கருவையும் ‘இரண்டு’ என்று எண்ணிக்கையாக எழுதாதீர்கள். இரண்டும் ஒரே வேலையைப் பங்குபோடவில்லை. பெரிய உட்கரு அன்றாட வேலைக்கு. அதில் மரபணுக்கள் பல நகல்களாகப் பெருகியிருக்கும், செல்லுக்கு வேண்டிய புரதங்களுக்கான உத்தரவெல்லாம் அங்கிருந்துதான். சின்ன உட்கரு அந்த வேலைகளில் பெரும்பாலும் அமைதியாக இருக்கும், இணைவு நடக்கும்போதுதான் அதன் முறை. இரண்டு பாரமீசியங்கள் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு பரிமாறிக்கொள்வது சின்ன உட்கருவிலிருந்து வந்த பகுதியைத்தான். இணைவு முடிந்ததும் பழைய பெரிய உட்கரு சிதைந்துபோகிறது. சேர்ந்து உருவான சின்ன உட்கருவிலிருந்து புதிய பெரிய உட்கரு வருகிறது. அடுத்த தலைமுறைக்கு எடுத்துச் செல்லும் பிரதியையும் தினசரி எடுத்துப் புரட்டும் பிரதியையும் ஒரே செல்லுக்குள் தனித்தனியாக வைத்திருக்கிறது. பல செல் உயிரிகள் இனச்செல், உடற்செல் என்று பிரித்துச் செய்வதை இது ஒரு செல்லிலேயே செய்கிறது. எனக்கு இந்த நான்கில் மிகவும் வியப்பானது இதுதான்.

பாரமீசியத்தின் உறவான டெட்ராஹைமீனாவில் சின்ன உட்கருவே இல்லாத வகைகள் இயற்கையிலேயே உண்டு, வாழ்கின்றன, பிளந்து பெருகுகின்றன. பெரிய உட்கரு இல்லாமல் அப்படிக் காலம் தள்ள முடியாது.

அமீபாவின் ஒற்றை உட்கரு இந்த இரண்டு வேலையையும் தானே பார்க்கிறது. எனவே ‘எதோடு சேர்ப்பது’ என்றால், இரண்டோடும்.

பார்ப்பதற்கு மெத்தில் கிரீன் அசிட்டிக் சாயம் நல்லது. செல் செத்துவிடும், ஆனால் பெரிய உட்கரு பச்சையாகத் தெளிவாகத் தெரியும். காடேட்டத்தில் சின்ன உட்கரு ஒன்றுதான், பெரியதன் பள்ளத்தில் ஒட்டிக்கிடக்கும், கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். ஆரீலியா இனத்தில் இரண்டு சின்ன உட்கரு. பாரமீசியத்தின் இன்னொரு உறவான ஸ்டென்டார் உங்கள் நீரில் வந்தால் விடாதீர்கள், எக்காள வடிவம், சில இனங்கள் 1 மில்லிமீட்டரையும் தாண்டும். அதன் பெரிய உட்கரு மணிமாலையாகக் கோத்ததுபோல இருக்கும். சாயம் இல்லாமலேயே பலமுறை தெரியும்.


மீன்தொட்டி:

யூக்ளினா விஷயத்துக்கு வருவோம். தாவரத்துக்கும் விலங்குக்கும் நடுவில் உள்ள பாலம் என்று படித்திருக்கிறோம். பச்சையம் இருக்கிறது, நகர்கிறது, சுவர் இல்லை. அட்டவணையில் அதை நடுவில் வைப்பதில் என்ன தப்பு? புரிய வைக்க அது எளிதான வழிதானே.


பச்சையம்:

எளிதான வழிதான், ஆனால் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் வேறாகிவிடுகிறது. ‘பாலம்’ என்றால் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போகும் வழியில் யூக்ளினா நிற்கிறது என்று ஆகிறது. யூக்ளினாவின் நெருங்கிய உறவு யார் தெரியுமா? ஆப்பிரிக்கத் தூக்க நோயை உண்டாக்கும் டிரிபனோசோமா போன்றவை. பச்சைப்பாசிகளோ செடிகளோ இல்லை. யூக்ளினாவின் கூட்டத்திலேயே பெரனீமா என்று ஒன்று இருக்கிறது. நிறமே இல்லை, மற்றச் செல்களைப் பிடித்து விழுங்கும். முன்னால் தடித்த கசையிழையை நீட்டிக்கொண்டு அதன் நுனியை மட்டும் ஆட்டியபடி வழுக்கிப்போகும்.

யூக்ளினாவின் மூதாதை ஒரு பச்சைப்பாசியை விழுங்கி, செரிக்காமல் வைத்துக்கொண்டது. அதற்கான தடயம் செல் அமைப்பிலேயே இருக்கிறது: கிளாமிடோமோனாஸின் பசுங்கணிகத்தைச் சுற்றி இரண்டு சவ்வுகள், யூக்ளினாவின் பசுங்கணிகத்தைச் சுற்றி மூன்று. டயாட்டத்துக்கு நான்கு, அது சிவப்புப்பாசி வழி வந்தது. இரண்டுக்கு மேல் சவ்வு இருந்தால், பசுங்கணிகம் இன்னொரு பாசியை விழுங்கிப் பெற்றது என்பதற்கு அது ஒரு தடயம். ஆகவே ‘பசுங்கணிகம் உண்டு’ என்பதற்குப் பதில் ‘எத்தனை சவ்வு’ என்று எழுதுங்கள்.

இன்னொன்று. யூக்ளினா கிராசிலிஸை ஸ்ட்ரெப்டோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்து வளர்த்தால் பசுமையை இழந்துவிடும். தலைமுறை தலைமுறையாக வெளுத்தே இருக்கும். ஆனால் கரிமச் சத்து கொடுத்தால் வாழ்ந்துகொண்டிருக்கும்.


மீன்தொட்டி:

அதனால்தான் கேட்கிறேன். வெளுத்தாலும் வாழ்கிறது, பச்சையாகவும் வாழ்கிறது. இரண்டு விதமாகவும் வாழ்வதைத்தானே ‘நடுவில்’ என்கிறோம்? பரம்பரையைச் சொல்லவில்லை, வாழும் முறையைச் சொல்கிறேன்.


பச்சையம்:

வாழும் முறை என்று தெளிவாகத் தலைப்பிட்டால் ஒப்புக்கொள்கிறேன். ‘உணவு பெறும் வழி’ என்று ஒரு வரி வைத்து, யூக்ளினாவுக்கு ‘ஒளிச்சேர்க்கை, கரைந்த கரிமப் பொருள் இரண்டும்’ என்று எழுதுங்கள். ஆனால் அந்த வரியில் அது தனியாக நிற்காது. பாரமீசியம் பர்சாரியா உடலுக்குள் பச்சைப்பாசிகளை வைத்துக்கொண்டு பச்சையாகவே திரிகிறது. அதைப் பாலம் என்று யாரும் சொல்வதில்லை.

அப்புறம் பாலினெல்லா குரோமட்டோஃபோரா. நன்னீரில் வாழும், செதில் ஓடு போர்த்த அமீபா வகை. 1895-இல் லாட்டர்போர்ன் என்ற ஜெர்மானியர் விவரித்தது. உள்ளே நீலப்பச்சை நிறத்தில் வளைந்த இரண்டு உடல்கள். செடிகள், பாசிகள் எல்லாவற்றின் பசுங்கணிகமும் ஒரு பழைய சயனோபாக்டீரியாவிலிருந்து, அதாவது ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாவிலிருந்து, வந்தது. பாலினெல்லா அந்தக் கதையில் சேராமல், வேறொரு சயனோபாக்டீரியாவைப் பின்னாளில் தனியாக உள்ளே வாங்கிக்கொண்டது. ஒரே வேலைக்கு இயற்கை இரண்டாவது தடவை அடித்தளத்திலிருந்து தொடங்கியிருக்கிறது. ‘அமீபாவுக்குப் பசுங்கணிகம் இல்லை’ என்று பொதுவாக எழுதாமல், ‘அமீபா புரோட்டியஸுக்கு இல்லை’ என்று இனத்தோடு சேர்த்து எழுதச் சொல்வது இதனால்தான்.


ஆய்வகம்:

கண்புள்ளியையும் இங்கேயே முடித்துவிடலாம். இரண்டிலும் செம்மஞ்சள் நிறப் புள்ளி, கரோட்டினாய்டு என்ற நிறமியின் துகள்கள். ஆனால் ஒரே உறுப்பு இல்லை. கிளாமிடோமோனாஸில் அது பசுங்கணிகத்துக்குள்ளேயே ஓர் ஓரத்தில் இருக்கிறது. யூக்ளினாவில் பசுங்கணிகத்துக்கு வெளியே, நீர்த்தேக்கப் பைக்குப் பக்கத்தில் சைட்டோபிளாசத்தில் இருக்கிறது.

இரண்டிலும் அந்தச் சிவப்புப் புள்ளி ஒளியை உணர்வதில்லை, இதைப் பலர் மாற்றி எழுதுகிறார்கள். யூக்ளினாவில் உணர்வது கசையிழையின் அடியில் உள்ள சிறு புடைப்பு. செல் சுழன்றுகொண்டே நீந்தும்போது புள்ளி அந்தப் புடைப்பின்மேல் நிழல் போடும், நிழல் விழும் நேரத்தை வைத்துத் திசை தெரியும். கிளாமிடோமோனாஸில் புள்ளிக்கு மேலே இருக்கும் செல் சவ்வில் உணரும் புரதம் இருக்கிறது. புள்ளியின் அடுக்குகள் ஒரு பக்கத்து ஒளியை அதன்மேல் திருப்பிவிடும், மறுபக்கத்து ஒளியைத் தடுக்கும். புரதங்களும் வேறு. யூக்ளினாவில் ஒளி பட்டதும், செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறைத் தயாரிக்கும் நொதி. கிளாமிடோமோனாஸில் ஒளி பட்டதும் திறக்கும் அயனி வாயில், சேனல்ரோடாப்சின். இரண்டைப் பற்றிய ஆய்வுகளும் 2002-இல் வந்தன. சேனல்ரோடாப்சினை நரம்பு செல்களில் வைத்து ஒளியால் அவற்றை இயக்கும் துறை அதற்குப் பிறகு வளர்ந்தது.


துளிநீர்:

அருமை. அட்டவணை முழுக்க மாறிவிட்டது. இன்னும் இரண்டு வரிதான் பாக்கி: நகர்வு, சேமிப்பு உணவு. நகர்வில் பாரமீசியத்தின் உடல் முழுக்க இருக்கும் குறு இழையையும் கசையிழையையும் தனி உறுப்புகளாக வைக்கலாமா?


வில்லைக்காரர்:

உள்ளமைப்பில் இரண்டும் ஒன்றே. குறுக்கே வெட்டினால் ஓரத்தில் ஒன்பது இரட்டைக் குழல்கள், நடுவில் இரண்டு தனிக் குழல்கள். பாரமீசியத்தின் குறு இழையும் யூக்ளினாவின் கசையிழையும் கிளாமிடோமோனாஸின் இரண்டு கசையிழைகளும் இந்த அமைப்புதான். நீளம், எண்ணிக்கை, வீசும் விதம்தான் வேறு. பாக்டீரியாவின் கசையிழை இதில் எதிலும் சேராது. அமீபா நகர நீட்டும் போலிக்கால் முற்றிலும் வேறு: ஆக்டின் என்ற புரதத்தின் இழைகள், ஓரத்தில் தெளிந்த எக்டோபிளாசம், உள்ளே துகள்கள் ஓடும் எண்டோபிளாசம்.

ஒரு வேண்டுகோள். ஒன்பதும் இரண்டும், பசுங்கணிகத்தின் சவ்வு எண்ணிக்கை, இவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்தவை. நம் நுண்ணோக்கியில் 0.2 மைக்ரானுக்கு நெருக்கமான இரண்டு புள்ளிகள் பிரிந்து தெரியாது. எது உங்கள் கண்ணால் பார்த்தது, எது படித்தது என்று வேறு நிற மையில் எழுதிவிடுங்கள். அட்டவணையைப் படிப்பவர்களுக்கு அது பெரிய உதவி.


பச்சையம்:

சேமிப்புக்கு அயோடின் போதும். கிளாமிடோமோனாஸின் கிண்ண வடிவப் பசுங்கணிகத்தில் பைரினாய்டு என்ற புரதத் திரளைச் சுற்றி ஸ்டார்ச் இருக்கும், கருநீலமாக மாறும். யூக்ளினா சேமிப்பது பாராமைலான். அதுவும் குளுக்கோஸால் ஆனதுதான், ஆனால் இணைப்பு வேறு, பசுங்கணிகத்துக்கு வெளியே துகள்களாகக் கிடக்கும், அயோடினில் நீலமாகாது. ஒரே ஸ்லைடில் இரண்டும் இருந்தால் ஒரு சொட்டு அயோடினில் வேறுபாடு தெரிந்துவிடும்.


மீன்தொட்டி:

பாரமீசியத்துக்கும் அமீபாவுக்கும் செரிமானத்தை எப்படிக் காட்டுவது? உணவுக் குமிழிகள் ஒரே மாதிரிதான் தெரிகின்றன.


ஆய்வகம்:

ஈஸ்டைக் காங்கோ ரெட் சாயத்தோடு கொதிக்கவைத்து, ஆறியபின் பாரமீசியம் உள்ள துளியில் மிகக் கொஞ்சம் விடுங்கள். வாய்ப்பள்ளம் வழியாகச் சிவப்பு ஈஸ்ட் உள்ளே போய், தொண்டையின் அடியில் குமிழியாகத் திரளும். குமிழி கழன்று உடலுக்குள் சுற்றத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் சிவப்பு ஊதாவாகி நீலத்தை நோக்கிப் போகும், உள்ளே அமிலம் கூடிவிட்டது என்று பொருள். காங்கோ ரெட் பிஎச் 5-க்கு மேல் சிவப்பு, 3-க்குக் கீழே நீலம். பிறகு அமிலம் தணிந்து மறுபடியும் சிவப்புக்குத் திரும்பும். மிச்சம் ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான் வெளியேறும்.

அமீபாவுக்கு வாயும் இல்லை, அந்த வெளியேறும் இடமும் இல்லை. போலிக்கால் எங்கே இரையைச் சூழ்கிறதோ அங்கே குமிழி, மிச்சம் பெரும்பாலும் பின்பக்கத்தில் விடுபட்டுப்போகும். பாரமீசியத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இடம் உண்டு, அமீபாவில் சவ்வின் எந்தப் பகுதியும் வாயாகலாம். துளிநீர், ‘வாய்: உண்டு, இல்லை’ என்ற வரியை நீக்கிவிட்டு ‘உணவு நுழையும் இடம்: நிலையானது, மாறுவது’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.


துளிநீர்:

மாற்றிவிட்டேன். ஈஸ்ட் கொதிக்கிறது. குமிழி ஒவ்வொரு நிறத்துக்கும் மாற எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொண்டு வந்து இங்கேயே பதிகிறேன்.